அடுத்த தோட்டாவுக்கான ஆற்றல்: சுழல்துப்பாக்கியும் தானேற்றித் துப்பாக்கியும்

அமெரிக்காவின் துப்பாக்கிக் கடைகளில், உடையினுள் மறைத்து எடுத்துச் செல்வதற்கென விற்கப்படும் சிறிய கைத்துப்பாக்கிகளில் இன்றும் இரண்டு வகைகள் அருகருகே இடம்பெறுகின்றன. ஒன்று, சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின் வழிவந்த சுழல்துப்பாக்கி, அதாவது ரிவால்வர். மற்றொன்று, ஜான் பிரவுனிங் முதலிய வடிவமைப்பாளர்கள் 1890களிலிருந்து வளர்த்தெடுத்த அரைத்தானியங்கிப் பிஸ்டல். பின்னது முன்னதைவிட மெல்லியது, ஏறத்தாழ இரு மடங்கு தோட்டாக்களைக் கொள்வது, விசையை அழுத்த எளியது, தீர்ந்த பின் விரைவாக நிரப்பத்தக்கது. அந்நாட்டுக் காவல்துறைகளும் 1980களிலும் 1990களிலும் பெரும்பாலும் சுழல்துப்பாக்கியைக் கைவிட்டு அரைத்தானியங்கிக்கு மாறிவிட்டன. இத்தனை சாதகங்களுடன் புதியது வந்த பிறகும், ஐந்தே தோட்டாக்கள் கொள்ளும் சிறிய சுழல்துப்பாக்கி ஏன் வழக்கொழியவில்லை என்பது பொறியியல் நோக்கில் ஆராயத்தக்க புதிர்.

இப்புதிர் அமெரிக்காவில் பல லட்சம் பேரின் அன்றாட வாழ்வோடு தொடர்புடையது. தகுதி வரையறைகளை நிறைவு செய்பவருக்கு உரிமம் வழங்கியே தீரவேண்டும் என்ற சட்டத்தை ஃபுளோரிடா 1987இல் இயற்றியதைத் தொடர்ந்து, மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை மாநிலம் மாநிலமாகப் பரவி, 2013இல் இல்லினாய் இணைந்தபோது ஐம்பது மாநிலங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் நிலைபெற்றது. வீட்டிற்கு வெளியே தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்புச் சட்ட உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதற்கென உரிமமே தேவையில்லை. ஆகவே எந்த வகையைத் தேர்வது என்ற கேள்வியை இயந்திரவியல் பயிற்சி இல்லாத சாதாரண மக்களே எதிர்கொள்கிறார்கள். அவர்கள் கேட்கும் அறிவுரைகளோ பெரும்பாலும் விருப்பு வெறுப்புகளாகவே இருக்கின்றன. இரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதைக் கண்டுகொண்டால், அந்த அறிவுரைகளை எடைபோட ஓர் உரைகல் கிடைத்துவிடும்.

ஒரு வேட்டுக்கும் அடுத்த வேட்டுக்கும் இடையில்

தற்காலத் தோட்டா என்பது நான்கு பொருள்களின் தொகுப்பு: முனையில் பொருத்தப்பட்ட குண்டு, அதைப் பற்றியிருக்கும் பித்தளைக் கூடு, கூட்டினுள் இருக்கும் வெடிமருந்து, அடிப்பகுதியில் பதிக்கப்பட்ட பற்றுவிப்பான். பற்றுவிப்பானை ஊசி போன்ற அடிமுள் தாக்கும்போது அது தீப்பொறியை உண்டாக்கி மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து உண்டாகும் வாயு, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், குண்டைக் குழலின் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. அதன்பின் வெறுங்கூடு உள்ளேயே தங்கிவிடுவதால், அடுத்த வேட்டுக்கு மூன்று வேலைகள் நடந்தாக வேண்டும்: வெறுங்கூடு வழியிலிருந்து அகல வேண்டும், புதிய தோட்டா குழலுக்கு நேராக வரவேண்டும், அடிமுள்ளை இயக்கும் சுருள்வில் மீண்டும் இறுக்கப்பட வேண்டும். இம்மூன்றுக்கும் ஆற்றல் தேவை; அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இரு வகைகளும் பிரிகின்றன.

சுழல்துப்பாக்கியில் அதைத் தருவது சுடுபவரின் விரல். அரைத்தானியங்கியில் அதைத் தருவது முந்தைய தோட்டாவின் வெடிப்பு. ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு வேட்டு மட்டுமே வெளிப்பட்டு, அடுத்த தோட்டா தானாகவே ஏற்றப்படுவதால், பின்னதைத் தானேற்றித் துப்பாக்கி என்று அழைப்பது அதன் இயல்புக்குப் பொருந்தும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடும் முழுத்தானியங்கிகளிலிருந்து அது வேறானது என்பதும் அப்பெயரால் விளங்கும்.

விரல் செய்யும் வேலை

சுழல்துப்பாக்கியின் நடுவே ஓர் உருளை உண்டு. அதில் அச்சைச் சுற்றிச் சம தொலைவில் ஐந்து அல்லது ஆறு அறைகள் குடையப்பட்டிருக்கும். சிறிய சுழல்துப்பாக்கிகளுக்கு முன்மாதிரியாகிவிட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ஐந்து தோட்டா மாதிரி 1950இல் அறிமுகமானது. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் ஏறத்தாழ அதே அளவில் செய்யப்படுகின்றன. விசையை அழுத்தத் தொடங்கியதும் பாவு எனப்படும் சிறு உலோக விரல் உருளையின் பின்புறமுள்ள பல்லை மேல்நோக்கித் தள்ளி அதைச் சுழற்றுகிறது. அடுத்த அறை குழலுக்கு நேராக வந்த கணத்தில் கீழிருந்து எழும் தடுப்புக்கட்டை உருளையின் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்து அதைப் பூட்டுகிறது. இதற்குள் பின்னோக்கி இழுபட்டிருக்கும் சுத்தி, விசை முழுவதும் அழுந்தியவுடன் விடுபட்டுப் பாய்ந்து அடிமுள்ளை இயக்குகிறது. உருளையைச் சுழற்றுவது, பூட்டுவது, வில்லை இறுக்குவது, விடுவிப்பது ஆகிய அனைத்தும் விரலின் ஒரே நீண்ட அழுத்தத்தில் நிறைவேறுவதால் இதனை இரட்டைச் செயல் முறை என்பர்.

இந்த உழைப்புக்குக் கொடுக்கும் விலையை வில் தராசினால் அளந்துவிடலாம். இவ்வகையின் விசையை முழுவதும் அழுத்த ஏறத்தாழ 12 பவுண்டு, அதாவது 5.4 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டியிருக்கிறது. அலுமினியக் கலவையால் செய்யப்பட்ட இலேசான ஐந்து தோட்டா மாதிரியின் எடையோ 410 கிராம் அளவே. தன் எடையைப் போல் பதின்மூன்று மடங்கு விசையால் அழுத்தப்படும் ஒரு பொருளைக் குறியிலிருந்து விலகாமல் பிடித்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை இவ்விரு எண்களே சொல்லிவிடுகின்றன. குழல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவாக இருப்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தொலைவும் சுருங்கிவிடுகிறது. குறிகள் மில்லிமீட்டரின் சிறு பகுதி விலகினாலும் இலக்கில் அது பெரும் விலகலாகிவிடும். தொடக்கநிலையினர்க்கு ஏற்ற எளிய கருவி என்று பரிந்துரைக்கப்படும் இச்சிறு சுழல்துப்பாக்கி, இயக்கத்தில் எளியதாயினும், குறி தவறாமல் சுடுவதில் மிகுந்த பயிற்சியைக் கேட்பது இதனால்தான்.

வெடிப்பு செய்யும் வேலை

தானேற்றித் துப்பாக்கியில் குழலின் மேல் கவிந்து முன்னும் பின்னும் நகரும் கனத்த உலோகப் பகுதி உண்டு. இதனைச் சறுக்கி எனலாம். தோட்டாக்கள் கைப்பிடியினுள் செருகப்படும் மேகசின் என்ற பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அடியிலுள்ள வில்லால் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன. குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்கு, அதாவது நிறையும் வேகமும் சேர்ந்த இயக்க அளவுக்கு, நிகரான உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறுகிறது, இதுவே பின்னுதைப்பு. தானேற்றி இப்பின்னுதைப்பின் ஒரு பகுதியைக் கொண்டு சறுக்கியைப் பின்னுக்கு அனுப்புகிறது. அது போகும் வழியில் வெறுங்கூட்டை வெளியே எறிந்து, திரும்பி வரும் வழியில் மேகசினிலிருந்து புதிய தோட்டாவை அறைக்குள் தள்ளுகிறது.

இதில் ஓர் இடர் உண்டு. உலகெங்கும் பரவலாகப் புழங்கும் 9 மில்லிமீட்டர் தோட்டாவில் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2,400 மடங்கு வரை உயரலாம்; அந்த அழுத்தம் தணியுமுன் கூடு அறையை விட்டு வெளிப்பட்டால் பித்தளை கிழிந்துவிடும். இதற்குப் பிரவுனிங் கண்ட தீர்வு, குழலையும் சறுக்கியையும் முதலில் ஒன்றாகப் பூட்டிச் சிறு தொலைவு சேர்ந்தே பின்னகரவிட்டு, அதன்பின் குழலின் பின்பகுதியைக் கீழே சாய்த்து இரண்டையும் பிரிப்பது. குண்டு சில கிராம் எடையுள்ளது, சறுக்கியும் குழலும் பல நூறு கிராம் எடையுள்ளவை என்பதால், குண்டு குழலை முழுவதும் கடந்து வெளியேறும் நேரத்தில் சறுக்கி இரண்டொரு மில்லிமீட்டரே நகர்ந்திருக்கும். அதிவேகப் படக்கருவிகள் இதைக் கண்கூடாகக் காட்டுகின்றன. அமெரிக்க இராணுவம் 1911இல் ஏற்ற பிஸ்டலில் இடம்பெற்ற இந்தச் சாயும் குழல் கொள்கையே, விவரங்களில் மாறுதல்களுடன், இன்றைய 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் தொடர்கிறது.

அடுத்த தோட்டாவைக் கொண்டுவரும் உழைப்பை வெடிப்பே ஏற்றுக்கொள்வதால் விரலின் பங்கு குறைகிறது. 1982இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்ற குளோக் துப்பாக்கியின் விசைக்கு ஏறத்தாழ 5.5 பவுண்டு, அதாவது 2.5 கிலோகிராம் அழுத்தமே போதும். சுழல்துப்பாக்கியுடன் ஒப்பிட்டால் இது பாதிக்கும் குறைவு. நன்றாகச் சுடுவது எளிதாவதும், கவனப் பிசகினால் தவறுதலாகச் சுட்டுவிடுவது எளிதாவதும் இந்த ஒரே காரணத்தின் இரு விளைவுகள். நியூயார்க் நகரக் காவல்துறை 1993இல் தானேற்றிகளுக்கு மாறத் தொடங்கியபோது, சுழல்துப்பாக்கியை ஒத்த ஏறத்தாழ 12 பவுண்டு விசையையே அவற்றில் பொருத்தச் சொன்னதற்கு இந்த அச்சமே காரணம்.

தவறும் விதங்கள்

ஆற்றலின் ஊற்று வேறானால் தவறும் விதமும் வேறாகும். பற்றுவிப்பான் பழுதாகி ஒரு தோட்டா நமுத்துவிட்டால், தானேற்றிக்கு அடுத்த சுற்றுக்கான ஆற்றலே கிடைப்பதில்லை. இரு கைகளையும் பயன்படுத்திச் சறுக்கியைப் பின்னிழுத்து அத்தோட்டாவை வெளியேற்றினால்தான் அது மறுபடி இயங்கும். சுழல்துப்பாக்கியிலோ மீண்டும் விசையை அழுத்தினால் போதும். விரலின் ஆற்றலுக்கு முந்தைய தோட்டா வெடித்ததா இல்லையா என்பது பொருட்டன்று.

பிடிப்பின் உறுதியும் இவ்வாறே. சறுக்கி முழுத் தொலைவும் பின்னகர வேண்டுமானால் கைப்பிடிப் பகுதி ஏறக்குறைய நிலையாக நிற்க வேண்டும். தளர்ந்த மணிக்கட்டினால் கைப்பிடியும் சறுக்கியுடன் சேர்ந்து பின்வாங்கினால், இரண்டுக்கும் இடையிலான சார்பு நகர்வு குறைந்து, வெறுங்கூடு முழுமையாக வெளியேறாமல் இடையில் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க இத்தொல்லை கூடுகிறது. சறுக்கியின் நிறையும் நகர்வுத் தொலைவும் குறைவதால் அதை நிறுத்தத் திண்மையான வில் வேண்டும். நகர்வு குறைந்ததால் கூடு வெளியேறவும் புதிய தோட்டா மேலெழவும் கிடைக்கும் நேரமும் சுருங்குகிறது. அதே திண்மையான வில்தான் முதியோருக்கும் மூட்டுவாதம் உள்ளோருக்கும் சறுக்கியைக் கையால் இழுப்பதையே கடினமாக்குகிறது. சுழல்துப்பாக்கி இன்றும் விற்பனையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இக்குறையை நீக்கவென்றே, அழுத்தம் குறைந்த .380 தோட்டாவுக்கு எளிதில் இழுக்கத்தக்க சறுக்கி கொண்ட மாதிரிகளும் 2018 முதல் வந்திருக்கின்றன.

சுழல்துப்பாக்கி ஒருபோதும் சிக்காது என்ற பரவலான நம்பிக்கையும் சரியன்று. மிக இலேசான சட்டங்களில் பின்னுதைப்பு கடுமையாக இருப்பதால், இன்னும் சுடப்படாத தோட்டாக்களின் கூடுகள் உருளையுடன் சேர்ந்து திடீரெனப் பின்னிழுக்கப்படுகின்றன; கனத்த குண்டுகளோ சடத்துவத்தினால், அதாவது தம் நிலையில் மாறாதிருக்கும் இயல்பினால், இருந்த இடத்திலேயே இருக்க முனைகின்றன. ஆட்டம் கண்ட மண்வெட்டியின் காம்பைத் தரையில் ஓங்கிக் குத்தினால் காம்பு நின்றுவிட, மேலுள்ள தலை தொடர்ந்து இறங்கி இறுகுவதும் இதே இயல்பினால்தான். இவ்வாறு கூட்டிலிருந்து முன்னோக்கிப் பிதுங்கிய குண்டு உருளையின் முகப்பைத் தாண்டி நீண்டுவிட்டால், அது சட்டத்தில் இடித்து உருளையைச் சுழலவிடாமல் பூட்டிவிடும். தானேற்றியின் சிக்கல்களில் பெரும்பாலானவை பயிற்சி பெற்ற கைகளால் சில நொடிகளில் தீர்க்கத்தக்கவை. சுழல்துப்பாக்கியின் சிக்கல்கள் அரியவையாயினும், நேர்ந்தால் பெரும்பாலும் கருவிகளும் மேசையும் தேவைப்படுபவை.

வடிவமும் கொள்ளளவும்

மறைப்பதற்கு முதல் தடை தடிமன். ஐந்து தோட்டாக்களை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொன்றைச் சுற்றியும் அழுத்தத்தைத் தாங்கும் எஃகுச் சுவர் அமைத்தால் உருளையின் விட்டம் 33 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. தானேற்றியில் அழுத்தம் தாங்கும் அறை ஒன்றே ஒன்று என்பதால் மற்றத் தோட்டாக்களுக்கு மெல்லிய தகட்டுப் பெட்டியே போதும். தோட்டாவின் நீளமும் இதில் பங்கு கொள்கிறது. சுழல்துப்பாக்கிகளில் மிகுதியாகப் புழங்கும் .38 ஸ்பெஷல் தோட்டா, இடத்தை அடைக்கும் கருமருந்து புழக்கத்திலிருந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானதால் 39 மில்லிமீட்டர் நீளமுடையது. புகையற்ற மருந்துக்கென 1902இல் வடிவமைக்கப்பட்ட 9 மில்லிமீட்டர் தோட்டா 30 மில்லிமீட்டருக்குள் அடங்கியும் இரு மடங்கு அழுத்தத்தில் இயங்குகிறது. ஒரு சட்டமும் இவ்வடிவத்தைச் செதுக்கியது. 1994 முதல் 2004 வரை நடப்பிலிருந்த கூட்டாட்சிச் சட்டம் பொதுமக்களுக்கான புதிய மேகசின்களைப் பத்துத் தோட்டாக்களுக்குள் கட்டுப்படுத்தியபோது, பத்துத் தோட்டாக்களை எவ்வளவு சிறிய உடலில் அடக்கலாம் என்பதில் உற்பத்தியாளர்கள் போட்டியிட்டனர். 2018இல் வந்த சிக் சாவர் பி365, ஓர் அங்குல அளவே தடிமனுள்ள உடலில் பத்துத் தோட்டாக்களை அடக்கியது.

எவ்வாறு அறிகிறோம்

நம்பகத்தன்மை பற்றிய கூற்றுகளை மெய்ப்பிப்பது தோன்றுவதைவிடக் கடினம். புதிய துப்பாக்கியில் 200 வேட்டுகள் தடையின்றிச் சுட்டால் போதும் என்பது பரவலான அறிவுரை. புள்ளியியலில் மூன்றின் விதி என்றொரு கணிப்பு உண்டு: ஒரு சோதனையில் பிழையே நேராவிட்டால், உண்மைப் பிழை வீதம் மூன்றைச் சோதனை எண்ணிக்கையால் வகுத்தால் வரும் அளவுக்குள் இருக்கும் என்று 95 விழுக்காடு உறுதியுடன் கூறலாம். அதன்படி 200 தடையற்ற வேட்டுகள் மெய்ப்பிப்பது, பிழை வீதம் 67 வேட்டுக்கு ஒன்றைவிட மிகாது என்பதை மட்டுமே. அதுவும் சுடுதளத்தில் நிதானமாக, உறுதியான பிடியுடன் சுடும் நிலைமைக்கே பொருந்தும்.

தனி நிகழ்ச்சிகளோ இதனினும் வலுவற்ற சான்று. 1986 ஏப்ரலில் மயாமியில் இரு கொள்ளையருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. முகவர் இருவர் இறந்து ஐவர் காயமுற்றனர். கையில் காயம்பட்ட முகவர் ஒருவரால் தமது சுழல்துப்பாக்கியில் மீண்டும் தோட்டா இட இயலவில்லை. இதைத் தொடர்ந்து அவ்வமைப்பு தானேற்றிகளுக்கு மாறியது. ஆனால் அச்சண்டையை இறுதியில் முடித்துவைத்ததும் மற்றொரு முகவரின் சுழல்துப்பாக்கியே. ஒரே நிகழ்ச்சி இரு தரப்பு வாதத்துக்கும் துணை நிற்கிறது. அதன் நிலைத்த பயன், குண்டுகளை ஒரே அளவுகோலில் சோதிக்கும் முறை உருவானதுதான். தசையின் தடையை ஒத்த 10 விழுக்காட்டு ஜெலாட்டின் கட்டிகளில் சுட்டு, குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவுகிறதா என்று பார்க்கிறார்கள். கட்டியே தரமானதா என்பதை அறிய, முதலில் நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் ஒரு சிறு எஃகுக் குண்டைச் செலுத்தி, அது 8.5 சென்டிமீட்டர் அளவில் நிற்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். குட்டைக் குழல்கள் குண்டின் வேகத்தைக் குறைப்பதால், பாய்ந்ததும் விரியும்படி செய்யப்பட்ட குண்டுகள் சில விரியாமலே போவதும் இச்சோதனைகளால் தெரியவந்தது.

இந்த அளவீடுகளையெல்லாம் மிஞ்சிய ஓர் அளவீடும் உண்டு. கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட வயதுவந்தோரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டடர்ட் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட வீதம், வைத்திராத ஆண்களைப் போல் ஏறத்தாழ 8 மடங்காகவும், பெண்களிடையே ஏறத்தாழ 35 மடங்காகவும் இருந்தது. இறக்க எண்ணியவர்களே துப்பாக்கி வாங்கியிருக்கலாமே என்ற ஐயம் இயல்பானது. ஆனால் உரிமையாளர்களிடையே பிற வழிகளிலான தற்கொலை கூடுதலாக இல்லை, துப்பாக்கி வழி இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை வாங்கி ஓராண்டு கழிந்த பிறகே நேர்ந்தன. அமெரிக்காவில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் நேரும் இறப்புகளில் பாதிக்கு மேல் தற்கொலைகளே என்ற உண்மையோடு சேர்த்துப் பார்த்தால், துயரமான ஒரு கணத்தில் கைக்கெட்டும் தொலைவில் துப்பாக்கி இருப்பதே பேரிடர் என்பது தெளிவாகிறது. அந்தக் கணத்தில் இரு வகைகளும் சமமான கொடுமையுடையவை.

ஆகவே தொடக்கத்தில் எழுந்த புதிருக்கு விடை இது: தானேற்றி, உழைப்பை வெடிப்பிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கு ஈடாக உறுதியான பிடியையும், தரமான தோட்டாவையும், பராமரிப்பையும், விசையை முழுவதும் மூடும் உறையையும் கேட்கிறது; சுழல்துப்பாக்கி இவற்றில் பலவற்றை மன்னித்து, அதற்கு ஈடாக விரலின் வலிமையையும் குறிபார்க்கும் தேர்ச்சியையும் கேட்டு, ஐந்து தோட்டாக்களோடு நின்றுவிடுகிறது. சறுக்கியை இழுக்க வலுவற்ற கைகளுக்கு முன்னது பயன்படாது. நீண்ட கடும் விசையை அழுத்த இயலாத விரலுக்குப் பின்னது பயன்படாது. பழையது மறையாதிருப்பதற்குக் காரணம், உழைப்பை வேறோரிடத்திலிருந்து பெறும் அதன் முறைக்கு இன்னும் தேவையுள்ள மனிதர்கள் இருப்பதே. எனினும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. தம் வீட்டில் இப்போது வாழ்பவர்களை மனத்தில் கொண்டு அங்கே ஒரு துப்பாக்கி நுழையத்தான் வேண்டுமா என்பது முதற்கேள்வி. நுழைந்தால் அது எவர் கைக்கும் எட்டாதபடி எங்கே, எவ்வாறு பூட்டப்படும் என்பது இரண்டாவது. எந்தப் பொறியமைப்பு என்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் நேர்மையாக விடை கண்ட பிறகே மூன்றாவதைக் கேட்பது பொறுப்புள்ள செயலாகும்.